கடைவாய்ப் பல்லில் குமிழி

ரேடியோவில் கால்பந்து வர்ணனை செய்கிறவர் அவர். பந்து நடுவட்டத்தில் சும்மா கிடந்தாலும் அதைப் பற்றிச் சொல்ல அவரிடம் விஷயம் இருக்கும். வீட்டிலும் அதே கதைதான். அவருடைய மகளின் மாமியார் பல் மருத்துவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். கல்யாணமாகி ஒரு வருஷம் ஓடியும் சம்பந்தியம்மா தன்னிடம் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசியதில்லை என்று அவருக்கு உறுத்தல். தன் ஓயாத பேச்சுதான் பிடிக்கவில்லை போலும் என்று அவராகவே முடிவு கட்டியிருந்தார்.

அதனால்தான் மேல்கடைவாய்ப் பல் வலித்தபோது அங்கே போகக் கூச்சப்பட்டு, வேறொருவரிடம் வேர் சிகிச்சை செய்துகொண்டார். மாதங்கள் போயின, வலி போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தின் நடுவே அப்பா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார் என்பதைக் குரலை வைத்தே மகள் கண்டுபிடித்துவிட்டாள். மறுநாளே கையோடு இழுத்துப் போய் மாமியாரின் சிகிச்சை நாற்காலியில் உட்கார வைத்தாள்.

பிடுங்கிவிட்டால் தொல்லை விட்டது என்றார் அவர். மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"பிடுங்கினா திரும்ப ஒட்ட வைக்க முடியாது, சம்பந்தி. ஒரு தடவை உள்ள பாத்துடறேன்."

மரத்துப்போக ஊசி போட்டு, பல் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி வாயை மூடி ஒரு ரப்பர் திரையை மாட்டினார். அவ்வளவுதான், வர்ணனையாளருக்கு வியர்த்துக் கொட்டியது. கையைத் தூக்கிவிட்டார். திரையைக் கழற்றியதும், வலியெல்லாம் இல்லை, பேச முடியாவிட்டால் மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கிறது என்று வெட்கத்தோடு ஒப்புக்கொண்டார்.

மருத்துவர் கொஞ்சம் யோசித்தார். "நீங்க பேச வேண்டாம். உள்ள என்ன நடக்குதுன்னு நான் சொல்லிக்கிட்டே வரேன். கேட்டுட்டே இருங்க."

பக்கத்தில் நின்ற உதவியாளர் நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷத்தில் டாக்டர் அப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை.

திரையை மறுபடி மாட்டிவிட்டு ஆரம்பித்தார். முதலில் வார்த்தை தயங்கித் தயங்கித்தான் வந்தது. பழைய நிரப்பைச் சுரண்டி எடுத்ததைச் சொன்னார். இப்போது மருந்து நீரால் கழுவப்போகிறேன், நீச்சல் குள வாசனை வரும், பயப்படாதீர்கள் என்றார். கழுவுகிற ஊசியின் நுனி அடைத்திருக்கிறது, துளை பக்கவாட்டில் இருக்கிறது, அதனால் நீர் வேரைத் தாண்டிப் பீறிடாது, சுவரைக் கழுவிக்கொண்டு வெளியே திரும்பிவிடும் என்றார். அவசரப்பட்டு அழுத்தக் கூடாது, ஏற்றி இறக்கி மெல்ல விட வேண்டும் என்பதையும் சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் சரளமாகியது. நாற்காலியின் கைப்பிடியை இறுக்கியிருந்த அவருடைய விரல்கள் தளர்ந்தன.

பல்லின் குழியில் நீரை நிரப்பிவிட்டு, நுண்ணோக்கியில் கண் வைத்துக் காத்திருந்தார் மருத்துவர். ஏற்கெனவே தெரிந்த மூன்று வேர்க்குழாய்களின் வாயிலும் அசைவில்லை. ஒன்றுமே இல்லாத ஓரத்திலிருந்து பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பின.

"சம்பந்தி, இருக்கு! நாலாவது வேர்க்குழாய் ஒண்ணு ஒளிஞ்சிருக்கு. உள்ள அழுகின சதை கெடக்குது, அதைத் தின்னுதான் மருந்து குமிழி விடுது. இவ்வளவு நாளா உங்களைப் படுத்தினது இதுதான்."

அவர் தொண்டைக்குள்ளேயே "ம்" என்றார்.

தலைமயிரைப் போன்ற மெல்லிய கம்பியால் அந்த வழியைத் திறந்தார் மருத்துவர். கழுவினார். அதிரும் முனை ஒன்றை விட்டு நீரைக் குலுக்கி, எட்டாத இண்டு இடுக்கிலிருந்தும் அழுக்கைக் கிளப்பினார். கலங்கி வந்த நீர் தெளியும்வரை விடவில்லை. கடைசியில் மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்தார். வர்ணனையாளர் பாதிக் கண் மூடியிருந்தார்.

எழுந்து உட்கார்ந்ததும், மரத்த உதட்டோடு குழறிக் குழறி, மனதில் கிடந்ததைக் கேட்டே விட்டார். "என் பேச்சு உங்களுக்குப் புடிக்காதுன்னு நெனச்சேன்."

கையுறையைக் கழற்றிக்கொண்டே மருத்துவர் சிரித்தார். "யார் சொன்னா? நாள் பூரா வாயத் தொறந்துக்கிட்டுப் பேச முடியாதவங்களோட இருக்கேன். நீங்க வந்தாத்தான் வீட்ல சத்தமே கேக்குது. நடுவுல புகுந்தா நிறுத்திடுவீங்களோன்னு சும்மா இருப்பேன்."

அவருக்குப் பதில் வரவில்லை. உதடு மரத்திருந்ததுதான் காரணம் என்று பிற்பாடு மகளிடம் சாதித்தார்.

அடுத்த முறை வந்தபோது வலி இருந்த இடம் தெரியவில்லை. இன்னொரு தரம் கழுவி, உலர்த்தி, நான்கு குழாய்களையும் நிரப்பினார் மருத்துவர். கொஞ்ச நாளில் பல்லுக்கு உறையும் ஏறியது. அன்று சாயங்காலம் இருவரும் கிளினிக் வாசலில் பேசிக்கொண்டு நின்றார்கள். வீட்டுக்கு அழைத்துப் போக வந்திருந்த மகள் காரிலிருந்தே ஹாரன் அடித்துப் பார்த்தாள். ரெண்டு பேரும் திரும்பவில்லை. அவள் எஞ்சினை அணைத்துவிட்டு, சீட்டைச் சாய்த்துக்கொண்டாள்.