பெருநாள் கறியும் நவாராவின் வளையங்களும்

"என் வளையங்களைப் பெருநாள் லீவு முழுக்க வெளியில போட்டு ஆட்டுங்க! கலங்கரை விளக்கமே விழுந்த ஊர் இது. ஆனா இது மட்டும் விழாது!"

ஆட்டுப் பெருநாளான பக்ரீத்துக்கு முந்தின நாள், அலெக்ஸாண்ட்ரியாவில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தின் தேநீர் மேசையைக் குத்தி நவாரா இப்படி முழங்கினாள். ஒருவரும் நம்பவில்லை. துறைத் தலைவர் ராகிப் சிரித்த சிரிப்பில் அவர் மீசையிலிருந்த சர்க்கரை எதிர்வீட்டு மாடிவரை தெறித்தது.

விஷயம் இதுதான். ரத்தத் தட்டணுவுக்கு, ஆஸ்பத்திரியில் எல்லோரும் பிளேட்லெட் என்கிறார்களே அதற்கு, கரு கிடையாது. மஜ்ஜையிலிருந்து புறப்படும்போது கட்டிக்கொண்டு வந்த ஆர்.என்.ஏ.தான் அதற்குக் கட்டுச்சோறு. புதிதாகச் சமைக்க அடுப்பில்லை. அந்த இழைகளை நொதிகள் நுனியிலிருந்து கொறித்துத் தீர்த்துவிடும். ஆனால் சில இழைகள் வளையமாக மூடிக்கிடக்கின்றன. நுனியே இல்லாததை எங்கிருந்து கொறிப்பது? இதுதான் நவாராவின் கட்சி. ராகிப்புக்கோ வளையம் என்பதே மெஷினின் உளறல்.

அன்று நவாராவின் கையில் ஒரே ஒரு குழாய் இருந்தது. காரணம் தெரியாமல் ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்த தஹிய்யா என்ற பெண்ணின் தட்டணுக்கள் அதில் இருந்தன. லீவுக்குள் அவளுடைய மஜ்ஜையை மருந்தால் அழித்து, அண்ணனுடையதைச் செலுத்திவிடுவார்கள். அப்புறம் அவளுடைய சொந்தத் தட்டணு என்று உலகத்தில் மிஞ்சுவது அந்தக் குழாய்தான். அவளுடைய நோயின் தடயம் வளையங்களில் இருக்கிறதா என்று பார்க்க வேறு வழியே இல்லை.

"ஷவ்கி, சாயங்காலத்துக்குள்ள இதை ஃப்ரீஸர்ல வச்சுடு," என்று சக ஆராய்ச்சியாளனிடம் சொல்லிவிட்டு அவள் தன் ஊரான தமன்ஹூருக்கு ரயிலைப் பிடித்தாள்.

லீவு முடிந்து வந்து ஃப்ரீஸரைத் திறந்தாள். உள்ளே ஒரு முழு ஆடு தொடை தொடையாக உறைந்து கிடந்தது. குழாயோ வெளியே, குழாய்களை ஆட்டும் மெஷினின் தட்டின்மேல், யாரோ தாலாட்டுகிற மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

அவள் போட்ட கத்தலில் துறைமுகத்துக் கப்பல்கள் சங்கூதிப் பதில் சொல்லின. கடற்கரையில் வறுத்த சோளம் விற்றவன் கடையைக் கட்டிக்கொண்டு ஓடினான்.

"ஷவ்கி! இது யாரோட ஆடு?"

"ராகிப் பாஷாவோடது. அவர் வீட்டு ஃப்ரிட்ஜ் ரிப்பேர். இடம் பண்ணச் சொன்னார், பண்ணினேன்."

"என் குழாயை ஏன்டா உள்ள வைக்கல?"

"நீங்கதானே, அக்கா, வெளியில போட்டு ஆட்டுங்கன்னு சொன்னீங்க? எல்லார் முன்னாடியும் சொன்னீங்களே!"

நவாரா தட்டிலிருந்து குழாயைப் பிடுங்கினாள்.

"பீத்தினா அதை அப்படியே செஞ்சுடுவியா? நான் நைல் நதியைக் குடிச்சுடுவேன்னாகூடத்தான் சொல்லுவேன். உடனே ஒரு டம்ளர் எடுத்துட்டு வருவியா?"

ராகிப் நிதானமாக உள்ளே வந்தார். "என்ன மகளே, ஊரைக் கூட்டற? ஒரு குழாய்தானே. அந்தப் பொண்ணுகிட்ட இன்னொண்ணு வாங்கிக்கோ."

"அவ உடம்புல இனி ஓடப்போறது அவ அண்ணன் ரத்தம், டாக்டர்! இந்தக் குழாயில ஒண்ணும் மிஞ்சலைன்னா, அவளுக்கு என்ன நோய்னு உங்க கறிகிட்டதான் கேக்கணும்!"

"மிஞ்சியிருக்காது. தூக்கிப் போட்டுட்டு வேற வேலையைப் பாரு."

நவாராவின் காதிலிருந்து புகை கிளம்பி விட்டத்தில் படிந்தது. இன்றைக்கும் அந்தக் கறை இருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டே குழாயிலிருந்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுத்தாள். மெஷினில் வைத்தபின் திரையை ஓர் எதிரியைப் போல முறைத்துக்கொண்டு நின்றாள்.

சாதாரண இழைகளுக்கான கோடு செத்த பாம்பாகத் தரையோடு கிடந்தது. எல்லாம் கொறிபட்டுப் போயிருந்தன. வளையங்களுக்கான கோடு மெல்ல அசைந்து, வளைந்து, சட்டென்று மேலே ஏறியது.

ஷவ்கி கை தட்டினான். ராகிப் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இது ஆட்டு ரத்தம். என் கறியிலேர்ந்து ஒழுகியிருக்கும்."

"ஓ! உங்க ஆட்டையும் கேட்டுடலாமே!"

ஃப்ரீஸரிலிருந்து ஒரு தொடையை உருவி மேசையில் போட்டாள். கறி பளிங்காக இறுகியிருந்தது. சுத்தியலால் அடித்தால் சுத்தியல்தான் வளைந்தது. ஒரு சிம்பைப் பெயர்த்தெடுப்பதற்குள் அந்தக் கட்டடத்திலிருந்த மொத்தப் பேரும் வாசலில் கூடிவிட்டார்கள்.

"என் பெருநாள் கறி!" என்று ராகிப் அலறினார்.

"ஃப்ரீஸர்ல கறிக்குப் பக்கத்து டப்பால மஞ்சள் காமாலை ரத்தம் இருக்கு. இந்தக் கறியில பெருநாள் ஃபத்தா சோறு பண்ணி நல்லா சாப்பிடுங்க, பாஷா! இந்தத் தடவை நீங்களே ஊத்துங்க. என் கை பட்டுச்சுன்னு அப்புறம் ஒரு கதை வேண்டாம். கொறிக்கிற நொதியையும் நீங்களே போடுங்க. ஒரு துளி கூடவே போடுங்க!"

ராகிப் போட்டார். ஒரு துளி என்ன, தாராளமாகவே போட்டார். தஹிய்யாவின் குழாயிலிருந்து ஒன்று, ஆட்டுக்கறியிலிருந்து ஒன்று, வெறும் தண்ணீர் ஒன்று. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, யாரும் மெஷினைத் தொடாமல் காவல் உட்கார்ந்தார். வாசலில் நின்றவர்கள் மூச்சுவிட்டால்கூட முறைத்தார்.

தண்ணீர் அசையவில்லை. ஆடும் அசையவில்லை. தஹிய்யாவின் கோடு மட்டும், அத்தனை நொதியையும் தாண்டி, ஏறிக்கொண்டே போனது. திரையைப் பிய்த்துக்கொண்டு கூரைக்கே போய்விடுமோ என்று ஷவ்கி அண்ணாந்து பார்த்தான்.

நவாரா சிரிக்கவில்லை. ஃப்ரீஸர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். "முதல்ல கறியை வெளியே எடுங்க. குழாயில மிச்சம் இருக்கிறதை நான் உள்ள வைக்கணும். அந்தப் பொண்ணுக்குப் பதில் சொல்லணும்."

ராகிப் எழுந்தார். உறைந்த தொடைகளைக் கைக்குழந்தைகளைப் போல ஒவ்வொன்றாக நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். குளிரில் பல் தந்தியடிக்க, வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்க்காமல் முணுமுணுத்தார்:

"நடந்துச்சு. நீ சொன்னது என் கையாலேயே நடந்துச்சு."