துளுக்காத கடா

மருதாசலத்தின் கோழிப்பண்ணைக்குள் சாமிக்கு வேலை கிடையாது. கோழி ஒன்று தும்மினால் ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுவார். தீவனத்தை மாற்றினால் முட்டையை எடைபோட்டுப் பார்ப்பார். தடுப்பூசி ஒரு நாள் தள்ளிப்போனால் வேலையாட்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். நாமக்கல் பக்கம் முப்பதாயிரம் கோழி வைத்திருப்பவர் வேறு எப்படி இருக்க முடியும்? ஆனால் பண்ணையின் கேட்டைத் தாண்டிவிட்டால் மனிதர் முழுக்க முழுக்கக் கருப்பனாரின் ஆள். குலதெய்வத்துக்கு முன்னால் கடாவை நிறுத்தி, முதுகில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறித் துளுக்கினால்தான் சாமிக்குச் சம்மதம் என்று பொருள். அவர் போர் போட்டது, வீடு கட்டியது, பெண்டாட்டி கட்டியது எல்லாமே கடாவைக் கேட்டுத்தான்.

பெண்டாட்டி கட்டியதில்தான் ஒரு வில்லங்கம் இருந்தது.

இருபத்தாறு வருடங்களுக்கு முன்னால், சென்னியம்மாளைப் பெண் பார்த்துவிட்டு வந்து கடாவை நிறுத்தினார்கள். கடா துளுக்கவில்லை. ஒரு குடம் தண்ணீர் காலியானது. மருதாசலத்துக்கோ அந்தப் பெண் இல்லாமல் முடியாது என்று ஆகியிருந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில் காப்பி நன்றாக இல்லை என்று சொன்ன அவருடைய சித்தப்பாவை, "அப்ப ஊட்டுக்குப் போயி நல்லதாக் குடிச்சுக்குங்க" என்று சொன்ன பெண் அவள். அப்படிப்பட்டவளை ஒரு கடாவுக்காக விட முடியுமா? யாரும் பார்க்காத சமயம் காலடியில் கிடந்த கோரைப்புல்லைப் பிடுங்கிக் கடாவின் காதுக்குள் விட்டார். கடா துளுக்கிய துளுக்கில் பூசாரி தலையில் கட்டியிருந்த உருமாலை கழன்று விழுந்தது. ஊரே கைகூப்பியது. அன்றிலிருந்து மோட்டார் கருகினாலும், கோழிக்குக் கழிச்சல் வந்தாலும், சென்னியம்மாள் இரண்டு நாள் பேசாமல் இருந்தாலும், மருதாசலத்தின் மனதுக்குள் அந்தக் கோரைப்புல்தான் வந்து நிற்கும். சாமியை ஏமாற்றிக் கட்டிய கல்யாணம். சாமி ஒரு நாள் கேட்காமல் விடுமா?

போன வாரம் மகள் தனப்பிரியா விடுமுறைக்கு வந்தாள். கால்நடை மருத்துவம் மூன்றாம் வருடம் முடித்திருக்கிறாள். சாப்பிடும்போது செல்போனில் ஒரு வீடியோ காட்டினாள்.

"அப்பா, இதப் பாருங்க. எங்க காலேஜ் பட்டியில நாப்பது ஆடுங்க. வெறும் பைப் தண்ணிதான். பிடரியில சொட்டு உழுந்ததும் முப்பத்தெட்டு ஆடு துளுக்கிருச்சு. பூசாரி இல்ல, மணி இல்ல, ஒண்ணும் இல்ல. முடிக்கு அடியில நரம்பு இருக்குது, அது பண்ற வேலைங்க."

மருதாசலத்துக்கு முதலில் வந்தது பெரிய நிம்மதி. வெறும் நரம்பு! அப்படியானால் அவர் ஏமாற்றியது ஒரு நரம்பைத்தானே, சாமியை இல்லையே! இருபத்தாறு வருடப் பாரம் இறங்கி, இன்னும் இரண்டு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவும்போதுதான் அடுத்த கேள்வி வந்தது. கடாவுக்குள் சாமி இல்லையென்றால், அவர் ஒவ்வொரு தடவையும் அழுது கும்பிட்டு நின்றது யாருக்கு முன்னால்? சாமி இருந்தால் கல்யாணம் திருட்டுக் கல்யாணம். கல்யாணம் நல்ல கல்யாணம் என்றால் சாமி இல்லை. இரண்டில் ஒன்றை விட வேண்டும். அவருக்கு இரண்டும் வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கருப்பனார் கோயிலில் கடாவெட்டு. மகளுக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தால் ஒரு கால்நடையை வெட்டுவதாக வேண்டிக்கொண்டிருந்தார் மருதாசலம். இதில் என்ன தப்பு என்று அவருக்கு மூன்று வருடமாகப் புரியவில்லை. தனப்பிரியா தலையில் அடித்துக்கொண்டாலும் செல்போனைத் தயாராகப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். சென்னியம்மாளின் அண்ணன் தனபால் கடாவைக் குளிப்பாட்டி மாலை போட்டுக் கொண்டுவந்தார். பெரியம்மா பாவாயி குலவை போட்டாள். அடுப்பில் சோற்று உலை கொதித்தது.

"மனசுல கேக்கறதக் கேட்டுக்குங்க" என்று சொம்பைத் தூக்கினார் அம்மாசிப் பூசாரி.

மருதாசலம் கண்ணை மூடிக் கேட்டார்: கருப்பா, நான் பண்ணுன கல்யாணத்துக்கு உனக்குச் சம்மதமா?

தண்ணீர் விழுந்தது. கடா துளுக்கவில்லை.

இரண்டாவது சொம்பு, மூன்றாவது சொம்பு. கடா கழுத்து மாலையிலிருந்த சாமந்தியை ஒவ்வொன்றாகத் தின்றது. மருதாசலத்துக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நரம்பு என்றால் இந்நேரம் துளுக்கியிருக்க வேண்டுமே! ஆக, சாமி இருக்கிறது! சந்தோஷத்தில் கண்ணீரே வந்துவிட்டது. அடுத்த நொடி இன்னொன்றும் உறைத்தது. சாமி இருக்கிறது, ஆனால் கடும் கோபத்தில் இருக்கிறது.

"கூட்டத்துல யாரோ குத்தம் பண்ணிருக்கறீங்க" என்றார் அம்மாசி. "ஒளிக்காமச் சொல்லிப்போடுங்க."

பாவாயி முதல் ஆளாக முன்னால் வந்தாள். "பொரட்டாசி சனிக்கெழம ஒரு ஆம்லெட்டுத் தின்னுட்டனுங் கருப்பா. ஒண்ணேதான்." கடா அசையவில்லை. "சரி, ரெண்டு."

தனபால் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "கோயில் மைக் செட்டுல டீயக் கொட்டுனது நாந்தானுங்க. பூனை மேல சொல்லிப்போட்டேன்."

கடா ஒரு சாமந்தியைத் துப்பிவிட்டு வேறொன்றை எடுத்தது. எல்லோரும் பூசாரியைப் பார்த்தார்கள். அவர் நெளிந்தார்.

"போன அமாவாசைக்குத் திருநீறு தீந்துபோச்சுங்க. அவசரத்துக்குக் கொழந்தப் பவுடரக் குடுத்துட்டேன்."

"அதானே, கமகமன்னு இருந்துச்சே!" என்றாள் பாவாயி.

அதற்கும் கடா துளுக்கவில்லை. தனப்பிரியாவுக்குப் பொறுக்கவில்லை. "தள்ளுங்க, நான் ஊத்தறேன்" என்று சொம்பை வாங்கினாள். பாடத்தில் உள்ளபடி பிடரி முடியை விலக்கிச் சொட்டுச் சொட்டாக விட்டாள். கடா அவளுடைய துப்பட்டாவை மோந்து பார்த்தது. அவள் முகம் சிவந்துவிட்டது.

"இது... மாமா காலையில இருந்து தண்ணியாவே ஊத்திருக்காரு. தோலு பழகிப்போச்சு. அதான் நரம்பு கொஞ்சம் தாமசம் பண்ணுது."

"அதேதான் கண்ணு நானுஞ் சொல்றேன்" என்றார் அம்மாசி. "சாமி கொஞ்சம் தாமசம் பண்ணுது."

"நாப்பதுல ரெண்டு துளுக்காதுன்னு சொன்னனே!"

"அந்த ரெண்டு ஆட்டுக்கும் என்ன குத்தமோ, விசாரிச்சியா கண்ணு?"

இருவரும் ஒரே வாத்தியாரிடம் படித்தவர்களைப் போலப் பேசினார்கள். முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. மருதாசலத்தால் இனியும் தாங்க முடியவில்லை. தான் கேட்ட கேள்விக்குத்தான் கடா பதில் சொல்லாமல் நிற்கிறது என்பது அவருக்கு மட்டுமே தெரியும். கூட்டத்தைப் பார்க்கத் திராணியில்லாமல், கடாவைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டு உரக்கச் சொல்லிவிட்டார்.

"என்ற கல்யாணத்துக்குக் கடா துளுக்குலீங்க சாமி. காதுல கோரைப்புல்ல உட்டு நாந்தான் துளுக்க வெச்சேன். உன்னைய ஏமாத்திப்போட்டேன்."

தனப்பிரியா செல்போனைத் தாழ்த்தினாள். சென்னியம்மாள் கையில் கரண்டியோடு அடுப்பங்கரையிலிருந்து எழுந்து வந்தாள். மருதாசலம் சாமியின் கோபத்தை மறந்தே போனார்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க" என்றாள்.

"தெரியுமா?"

"பக்கத்துல நின்ன எங்கண்ணன் பாத்துட்டு வந்து சொன்னாரு. அதுவரைக்கும் கட்டறதா வேண்டாமான்னுதான் இருந்தேன். கடாவுக்கே ஒருத்தன் கோரைப்புல்லு உடறான்னா நம்மள உடமாட்டான்னு நெனச்சுக் கழுத்த நீட்டுனேன்."

தனபால் மரத்தில் ஏதோ குருவி இருப்பதுபோல அண்ணாந்து பார்த்துக்கொண்டார்.

"அப்பறம் எதுக்கு புள்ள இத்தன வருசமா எங்கிட்டச் சொல்லுல?"

"நீங்க எங்க கேட்டீங்க? கடாகிட்டக் கேட்டீங்க. சாமிகிட்டக் கேட்டீங்க. இப்பப் படிச்ச புள்ளகிட்டயும் கேட்டுக்கிட்டீங்க. உனக்குச் சம்மதமா சென்னியம்மான்னு என்றகிட்ட ஒரு நாளாச்சும் கேட்டீங்களா?"

மருதாசலம் யோசித்துப் பார்த்தார். பெண் பார்த்த அன்று கேட்கவில்லை. தாலி கட்டிய அன்றும் கேட்கவில்லை. கோழிக்குத் தீவனம் பிடிக்கிறதா என்று எடைபோட்டுப் பார்த்த மனிதருக்கு இது தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது. கடாவின் பக்கம் கூப்பியிருந்த கையை அப்படியே மனைவியின் பக்கம் திருப்பினார்.

"இப்பக் கேக்கறேன் புள்ள. சம்மதமா?"

மொத்தக் கூட்டமும் சென்னியம்மாளையே பார்த்தது. பழக்கதோஷத்தில் அம்மாசி சொம்பைத் தூக்கி, சுதாரித்து இறக்கினார். அந்த நேரம் பார்த்து எல்லோருக்கும் பின்னால் சடசடவென்று ஒரு சத்தம். பாவாயியின் முதுகெல்லாம் மஞ்சள் தண்ணீர்.

"துளுக்கிருச்சு! குத்தத்தச் சொன்னதும் துளுக்கிருச்சு பாத்தீங்களா!" என்று கூவினார் அம்மாசி.

"இல்ல, தோலு காஞ்சதும் துளுக்கிருச்சு! அய்யோ, வீடியோ எடுக்கலியே!"

"ஆரு கண்ணால பாத்தீங்க? பாக்காத துளுக்குச் செல்லாதுங்க, மறுக்காவும் ஊத்தோணும்" என்று தனபால் ஒரு பக்கம் ஆரம்பித்தார். சண்டை வலுத்தது. கடா மாலையில் மிச்சமிருந்த சாமந்தியைத் தேடியது.

மருதாசலம் திரும்பிப் பார்க்கவில்லை. இவ்வளவு காலம் காத்திருந்த துளுக்கு இரண்டு முழத் தூரத்தில் நடந்து முடிந்திருந்தது. அது நரம்பா, சாமியா என்று கேட்க அவருக்கு இப்போது நேரமில்லை.

"சொல்லு புள்ள" என்றார்.

சென்னியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிப்பு வந்ததை உதட்டைக் கடித்து நிறுத்திக்கொண்டாள்.

"கடாவுக்கு முக்கா மணி நேரம் குடுத்தீங்கல்ல? எனக்கும் குடுங்க" என்று சொல்லிவிட்டு உலையைப் பார்க்கப் போனாள். மருதாசலம் கூப்பிய கையை இறக்காமல் அங்கேயே நின்றார்.