அணைந்தே இருந்த மானிட்டர்

லாசரஸுக்குக் கண் தெரியாது என்பது அந்த நகராட்சி அலுவலகத்தில் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். அவர் மனைவி ஜெரூஷாவுக்கு. அவளும் அதே வரிப் பிரிவில், அவருக்கு அடுத்த மேஜையில்தான் வேலை பார்த்தாள். க்ளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் அவர் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்த்திருந்தது. மிஞ்சியது வெறும் நிழலாட்டம். விஷயம் வெளியே தெரிந்தால் அவர் சீட்டைக் கிழித்துவிடுவார்கள் என்று ஜெரூஷா நம்பினாள். நம்பினாள் என்ன, அந்தப் பயத்தோடுதான் தினமும் சாப்பிட்டாள், தூங்கினாள், சர்ச்சுக்குப் போய் வந்தாள்.

அதனால்தான் அந்தத் தந்திரம். அவர் மேஜைக்கு வரும் மனுவையும் திரையில் வரும் வரிகளையும் அவள் தனக்குத்தானே முணுமுணுப்பதைப் போல வாய்விட்டுப் படிப்பாள். அவர் காதால் வாங்கி டைப் அடிப்பார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் காகிதத்தை லேசாக மடித்து வைப்பாள். அவர் விரல் மடிப்பைத் தேடிக்கொள்ளும்.

"இன்னாம்மா, ரேடியோல நியூஸ் வாசிக்கிற வேலைக்கு எதுனா எழுதிப் போட்டுக்கீறியா?" என்று பில் கலெக்டர் துலுக்காணம் கிண்டலடிப்பார். ஜெரூஷாவும் சிரித்துவைப்பாள். சிரிக்காமல் வேறென்ன செய்வது?

அப்போதுதான் பயிற்சிக்கான உத்தரவு வந்தது. தாம்பரத்தில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் எல்லா ஊழியர்களும் கூட வேண்டும். ஊனமுற்றோரும் பயன்படுத்தும்படி அரசு வெப்சைட்டுகளை எப்படி வைத்துக்கொள்வது என்று சொல்லித்தருவார்கள். உலகத்தில் இருக்கிற தலைப்பையெல்லாம் விட்டுவிட்டு இதைத்தானா பிடித்தார்கள் என்று ஜெரூஷாவுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. லீவு போடவும் வழியில்லை. மேலாளர் மோகன்ராஜே வந்து வருகை எடுக்கப்போகிறார்.

சிட்லபாக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது லாசரஸின் காதில் ஓதிக்கொண்டே வந்தாள். "என் பக்கத்துலயே உக்காருங்க. நான் பாத்துக்கறேன்."

லேபுக்குள் நுழைந்ததும் மோகன்ராஜ் சொன்னார்: "சீனியாரிட்டிப்படி உக்காருங்க. கூட்டம் கூட்டமா உக்காந்து அரட்டை அடிக்க வேண்டாம்."

லாசரஸ் நாற்காலிகளைத் தொட்டுக்கொண்டே முதல் வரிசைக்குப் போனார். ஜெரூஷா கடைசி வரிசைக்குத் தள்ளப்பட்டாள்.

பயிற்சி கொடுக்க வந்தவள் துர்கா என்ற இளம்பெண். அவளுக்கும் பார்வை கிடையாது. வெள்ளைக் கோலை மடித்து மேஜைமேல் வைத்துவிட்டுப் பேசினாள். "நான் சொல்லிட்டே போனா தூங்கிடுவீங்க. செஞ்சு பாருங்க. எல்லாரும் மானிட்டரை அணைச்சிட்டு ஹெட்போன் மாட்டுங்க. மவுஸைத் தொடக் கூடாது. தெருவிளக்கு எரியலைன்னு உங்க வெப்சைட்லயே ஒரு புகார் பதிவு பண்ணுங்க. திரையில இருக்கறதை மெஷின் உங்களுக்குப் படிக்கும்."

லேபே கலகலத்துப் போயிற்று. மெஷின் இங்கிலீஷில் கடகடவென்று பொரிந்து தள்ளியது. ஒரு பட்டனுக்கு வந்ததும் "இமேஜ், இமேஜ்" என்று திக்கி நின்றது.

"அந்த பட்டன் வெறும் படம். மெஷின் படிக்கிற மாதிரி அதுக்கு ஒரு பேர் எழுதியிருந்தா இந்தத் தொல்லை இல்லை. ஒரு வார்த்தை போதும். யாரும் மெனக்கெடலை," என்றாள் துர்கா.

ஜெரூஷா தன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு முன்வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். லாசரஸ் தலையைச் சாய்த்துக் கேட்டார். விரல்கள் ஓடின, நின்றன, பின்னால் போயின, மறுபடி ஓடின. திடீரென்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. அதைப் பார்த்ததும் ஏனோ அவளுக்குப் பயம் இன்னும் கூடியது.

"போதும். மானிட்டரைப் போடுங்க," என்றாள் துர்கா.

வரிசையாகத் திரைகள் ஒளிர்ந்தன. ஒன்று மட்டும் கறுப்பாகவே இருந்தது. ஹெட்போனுக்குள் இருந்த லாசரஸுக்கு எதுவும் கேட்கவில்லை. அவர்பாட்டுக்கு டைப் அடித்துக்கொண்டிருந்தார். மோகன்ராஜ் அவர் பின்னால் வந்து நின்றார். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு ஹெட்போனைத் தூக்கினார்.

"என்ன லாசரஸ், அவ்வளவு ஆர்வமா? வாங்க. முன்னாடி அந்தப் பெரிய திரையில ஒரு புகார் இருக்கு பாருங்க. அதை எல்லாருக்கும் படிச்சுக் காட்டுங்க."

லாசரஸ் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். திரை இருந்த பக்கத்துக்குக் கொஞ்சம் தள்ளி, சுவரைப் பார்த்து நின்றார். ஜெரூஷாவின் நாக்கு அவளைக் கேட்காமலே புறப்பட்டுவிட்டது.

"புகார் வகை, தெருவிளக்கு. இடம், பள்ளிக்கூடத் தெரு முனை..." அவ்வளவு தூரத்திலிருந்து முணுமுணுத்தால் எட்டுமா? கிட்டத்தட்டக் கத்தினாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். துலுக்காணம் சிரிக்க ஆரம்பித்து, அவள் முகத்தைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

"நீங்க சும்மா இருங்கம்மா. அவர் படிக்கட்டும்," என்றார் மோகன்ராஜ்.

"சார், அவர் இன்னைக்குக் கண்ணாடி எடுத்துட்டு வரலை..."

"கண்ணாடி போட்டுக்கிட்டுத்தானே நிக்கிறார்?"

ஜெரூஷா அவசரமாக வேறொரு பொய்யைத் தேடினாள்.

"போதும், ஜெரூஷா," என்றார் லாசரஸ். சுவரைப் பார்த்தபடியே பேசினார். "எனக்குத் தெரியலை, சார். இது மட்டும் இல்லை, எதுவுமே தெரியலை. போன வருஷத்துலேர்ந்து."

துர்காதான் முதலில் பேசினாள். "சார், வேலையில இருக்கும்போது பார்வை போனா அதுக்காக வீட்டுக்கு அனுப்பக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. தொண்ணூத்தஞ்சுலயே வந்தாச்சு."

ஜெரூஷா விறைத்து நின்றாள். இப்படி ஒன்று இருக்கிறதா என்று யாரிடமாவது கேட்டிருக்கலாமே! கேட்டால் தெரிந்துவிடுமே என்று கேட்காமலே இருந்துவிட்டாள். தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

"சட்டம் எனக்கும் தெரியும் மேடம்," என்றார் மோகன்ராஜ். முகம் சிவந்திருந்தது. "கண்ணு போனதுக்காக நான் ஒண்ணும் செய்ய மாட்டேன். ஆனா ஒரு வருஷமா பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருக்காரே, அதுக்கு யார் பதில் சொல்றது?"

"நான் சொல்றேன், சார்," என்றாள் ஜெரூஷா. "நான் படிச்சுதான் அவர் போட்டார். ஒவ்வொண்ணும்."

"அப்போ விளக்கம் கேட்டு மெமோ உங்களுக்குத்தான் வரும். அவர் மெடிக்கல் போர்டுக்குப் போகட்டும். எந்த சீட் குடுக்கறதுன்னு அப்புறம் பார்க்கலாம்."

சொல்லிவிட்டு மோகன்ராஜ் வெளியே போனார். ஜெரூஷா முன்வரிசைக்கு ஓடி வந்து, முதல்முறையாக எல்லோர் எதிரிலும் கணவனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க சொன்னீங்க? எப்படியாவது சமாளிச்சிருப்பேனே."

"சமாளிச்சிருப்ப. எனக்குத் தெரியும்," என்றார் அவர் மெதுவாக. "ஆனா அந்த மெஷின் படிச்சப்ப, புரியலைன்னா நிறுத்தினேன். வேணும்னா திரும்பப் படிக்க வெச்சேன். உன்னை ஒரு தடவையாவது திரும்பப் படின்னு கேட்டிருக்கேனா? பக்கத்துல ஆளுங்க இருக்காங்களேன்னு எத்தனை தடவை புரியாமலே அடிச்சிருக்கேன் தெரியுமா?"

முழங்கையை மெல்ல விடுவித்துக்கொண்டு உட்கார்ந்தார். மேஜையைத் தடவி ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டார்.

ஜெரூஷா அவர் பின்னால் நின்று அழுதாள். மெமோவுக்காக இல்லை. தொண்டை வறள வறளப் படித்த அத்தனை நாளும், பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு மனிதன் 'திரும்பப் படி' என்று கேட்க முடியாமல் விழுங்கிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாமலே போயிருந்தது.