பௌர்ணமியன்று நான்கு உருப்படிகள்

காய்ச்சல் விட்டுப் பட்டறைக்குத் திரும்பிய முதல் நாள். மதிவதனிக்கு எல்லாமே மிதப்பதுபோல இருந்தது. அடி அண்ணாமலையில் அந்தப் பட்டறைக்குப் பின்னால்தான் அவள் வீடு. எந்த வேலை எந்த மெஷினில் எப்போது ஏற வேண்டும் என்று எழுதிக்கொடுப்பது அவள் வேலை.

கீழ்பென்னாத்தூரில் கடலை உடைக்கும் மெஷின் பழுதாகி நின்றிருந்தது. அதற்கு நான்கு உருப்படிகள் வேண்டும். ஒவ்வொன்றையும் முதலில் தருமன் லேத்தில் கடைய வேண்டும். பிறகு குர்ஷித் பேகம் மில்லிங் மெஷினில் வெட்ட வேண்டும். பௌர்ணமி என்பதால் ஒன்றரை மணிக்குக் கிரிவலப் பாதையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். அதற்குள் உருப்படிகளை ஏற்றிக்கொண்டு வேன் கிளம்பியாக வேண்டும்.

மணி ஒன்பது. தருமன் வழக்கம்போல நான்கில் பெரியதான ஷாஃப்டைத் தூக்கினார். அதற்கு மட்டுமே லேத்தில் ஒன்றரை மணி நேரம். அப்படியே போனால் எல்லாம் முடிய இரண்டு இருபது ஆகிவிடும்.

மதிவதனி கண்ணை மூடினாள். படுத்திருந்த நாட்களில் காலை முழுக்கச் சுவர் வழியாக லேத்தின் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே மில்லிங் மெஷினின் சத்தத்துக்காக அவள் காத்துக் கிடந்தாள். மதியம்வரை அது வரவேயில்லை.

"ஷாஃப்ட கடைசில வெச்சுக்கலாங்க," என்றாள். "அதுக்கு மில்லிங்ல இருபதே நிமிஷம். லேத்ல நேரம் கம்மியா எடுக்கற புஷ் முதல்ல போகட்டும்."

"பெருசு காத்துட்டு இருக்கறப்ப சின்னதுல கை ஓடாதும்மா."

"உங்க கை ஓடும். பேகம் அக்கா கைதான் சும்மா நிக்குது."

தருமன் மில்லிங் மெஷின் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு ஷாஃப்டைக் கீழே வைத்தார்.

இருபதாவது நிமிடம் புஷ் பேகத்திடம் போனது. அது முடிவதற்குள் புல்லி தயாராகக் காத்திருந்தது. இரண்டு மெஷின்களும் சேர்ந்து ஓடின. தடித்த குரலும் மெல்லிய குரலும் பின்னிக்கொண்டு பட்டறையை நிறைத்தன. மதிவதனி தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருப்பவளைப்போல அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு எல்லாம் முடிந்தது. ஒரு மணிக்கு வேன் போய்விட்டது.

பேகம் மெஷினைத் துடைத்தபடி மெதுவாகச் சொன்னார். "ஏழு வருஷமா காலைல நான் சும்மா உக்காந்திருக்கறதப் பாத்து எல்லாரும் சோம்பேறின்னு நெனச்சாங்க."

"நானே சொல்லியிருக்கேன்," என்றார் தருமன். தலை நிமிரவில்லை.

வண்டிகள் நின்றுபோன பாதையில் வெறுங்கால்கள் ஓசையில்லாமல் நகர்ந்துகொண்டிருந்தன. பேகம் வாசலில் நின்று மகள் மெஹ்விஷுக்குப் போன் செய்தார். இன்றைக்கு மூச்சுவிடக்கூட நேரமில்லை என்று, ஏதோ நல்ல சேதி சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தார்.