மண்ணா, மாவுக்கட்டா?

1.

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. தங்கை வீட்டுச் சண்டையில் சமாதானம் பேசப் போன இடத்தில் கிடைத்தது. சண்டை எறும்புகளைப் பற்றி. முதலில் இப்படித் தொடங்கினேன்:

மண் எறும்பின் ஆதி வீடு, மனிதனோ...

(வேண்டாம். ‘மனிதனோ’ வந்தால் அடுத்து ‘வாழ்க்கை’ வரும். அதற்குள் நீங்கள் எழுந்து போயிருப்பீர்கள்.)

2.

தங்கை பல் செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். ஊர் லிஃப்டையெல்லாம் ஓடவைக்கிறவர், படியில் இறங்கும்போது வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டார். (மாற்றி எழுதிப் பார்த்தேன். இதுதான் நன்றாக இருக்கிறது.) தொடைவரை மாவுக்கட்டு.

கட்டிலில் கிடந்தவர் கண்ணில், சுவரில் ஊர்ந்துகொண்டிருந்த, இறக்கை உதிர்த்த ராணி எறும்பு ஒன்று பட்டது. தங்கையை ஏவி அதைப் பிடிக்கவைத்து, கண்ணாடிக் குழாயில் விட்டார். குழாயின் அடியில் தண்ணீர், அதை அடைத்துப் பஞ்சு, இந்தப் பக்கம் ராணி. ராணி முட்டையிட்டது, வேலைக்கார எறும்புகள் வந்தன, மாப்பிள்ளை முகத்தில் சிரிப்பும் வந்தது.

இப்போது பஞ்சில் பூஞ்சை. எறும்புகளுக்கு வேறு வீடு வேண்டும். எதில் கட்டுவது?

3.

“பிளாஸ்டர்தான்” என்றாள் தங்கை. லேபில் பல் அச்சு வார்க்கிற வெள்ளைப் பொடி; மாவுக்கட்டுப் போடுவதும் அதே மாவில்தான். “குழைச்சு ஊத்தி, காய்ஞ்சதும் அறையறையாக் குடைஞ்சிடலாம். தண்ணி விட்டா ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். மேல கண்ணாடி போட்டா எல்லாம் தெரியும். வெறும் மண்ணு சரிஞ்சு விழும். ராணி எங்கேன்னே தெரியாது.”

“தெரிய வேணாம். நானே மாவுக்கட்டுக்குள்ள கிடக்கேன், அதுங்களையும் அதுக்குள்ளயே போடணுமா? மணலும் களிமண்ணும் கலந்து குடு, அதுங்களே தோண்டிக்கும். மச்சான், நீங்களே நியாயம் சொல்லுங்க.”

“எறும்பு வளர்க்கவே கடையில நீலக் கலர்ல ஜெல் விக்கிறாங்களே...” என்றேன்.

“நீ சும்மா இரு அண்ணா!”

“நீங்க சும்மா இருங்க மச்சான்!”

அன்று இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

4.

பிறகு மாப்பிள்ளை குரலைத் தாழ்த்தினார். “வர்றவங்க எல்லாம் என்னையே பார்க்கிறாங்க. நான் சாப்பிடறதை, புரண்டு படுக்கிறதை. அதுங்களாவது யாரும் பார்க்காம இருக்கட்டுமே.”

தங்கை முகம் மாறிவிட்டது. “ராணி உள்ளேயே செத்துப்போனாலும் தெரியாம, நீங்க மண்ணையே பார்த்துட்டுக் கிடப்பீங்க. அதை நான் பார்க்கணுமா?”

(இங்கே உங்களை அழவைக்க ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். தங்கை படிப்பாள்.)

5.

கடைசியில் இரண்டையும் செய்தார்கள். அவள் பிளாஸ்டர் வார்த்தாள். அவர் மடியில் பேசின் ஒன்றை வைத்து மண் பிசைந்தார். படுக்கை விரிப்பு நாசம். பழைய குழாயிலிருந்து ஒரு வழி கிளம்பி, இரண்டாகப் பிரிந்து, இரண்டு பெட்டிகளுக்கும் போனது.

எறும்புகள் அசையவில்லை. பூஞ்சைக்குள்ளேயே குடித்தனம். வெளிச்சம் பட்டால் கிளம்பும், இருட்டைத் தேடிப் போகும் என்றார்கள். பெட்டிகளைக் கறுப்புத் துணியால் மூடினாள் தங்கை. பழைய குழாய்க்கு வெளிச்சம் காட்ட வேண்டிய மேஜை விளக்கு அறையின் மறுகோடியில் இருந்தது. அவள் குளிக்கப் போயிருந்த நேரம், மாப்பிள்ளை ஊன்றுகோலை எடுத்தார்.

நடுங்கும் காலுடன் அவர் நம்பிக்கையை நோக்கி...

“நம்பிக்கையும் இல்ல, ஒண்ணும் இல்ல” என்றாள் தங்கை, இதை நான் போனில் படித்துக்காட்டியபோது. “கட்டுக்குள்ள எறும்பு ஊர்ற மாதிரி அரிக்குதுன்னு வழியெல்லாம் திட்டிக்கிட்டே போய் விளக்கைக் குழாய்ப் பக்கம் திருப்பினாராம். அதை எழுது. இப்பவும் என் பக்கத்துலதான் நிக்கிறார்... ஐயோ, அண்ணா! ஒண்ணு கிளம்பிடுச்சு! வாயில முட்டையோட!”

“எங்கே?”

“வழி பிரியற இடத்துல நிக்குது.”

“மூச்சு விடாதே, பயந்துடப்போவுது” என்று மாப்பிள்ளையின் குரல். பிறகு இருவரும் ஒருவரையொருவர் “உஷ்!” என்று அடக்கி, அடக்க முடியாமல் சிரித்தார்கள்.

“அண்ணா, போனை வைக்கிறேன். குனிஞ்சு பார்க்கிறேன்னு சாயறார். பிடிக்க ரெண்டு கையும் வேணும்.”

6.

மண் பக்கம் போனதாக ஒரு முடிவு எழுதினேன். பிளாஸ்டர் பக்கம் போனதாக இன்னொன்று. எதை எழுதினாலும் அந்த இருவரில் ஒருவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்ன மாதிரி இருந்தது. இரண்டையும் கிழித்தேன். கூப்பிட்டுக் கேட்கலாம்தான், ஆனால் அவளுக்கு இப்போது கை ஒழியாது.

எறும்பு இன்னும் அங்கேயே நிற்கிறது. அதை எந்தப் பக்கம் திருப்புகிறீர்களோ, அது உங்கள் பாடு.