செய்யாததற்கு ஒரு மன்னிப்பு

தம்பிக்கு ஏழு வருடம் என்று தீர்ப்பு வந்தபோது அக்காவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பூட்டு உடைப்பதில் கைதேர்ந்தவன் அவன். சத்தமில்லாமல் நடப்பதால் காவல் நிலையத்தில் அவனுக்குப் பூனை என்றே பெயர். மூன்று தடவை உள்ளே போய் வந்தவன். அந்த மூன்றையும் அவள் மறுக்கவில்லை. ஆனால் இந்த நகைக்கடைத் திருட்டு நடந்த மதியம் அவள் வீட்டுக் குளியலறையில் ஒழுகும் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். கடைக் காவலாளி அவன்தான் என்று கைகாட்டினான். மீதி வேலையைப் பழைய வழக்குகள் பார்த்துக்கொண்டன. அவள் கூண்டில் ஏறி உள்ளதைச் சொன்னாள். கூடப்பிறந்தவள் வேறென்ன சொல்வாள் என்று அரசு வக்கீல் சிரித்தார். அதோடு அவள் சாட்சி முடிந்தது.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள் அவள். லீவு கேட்டுக் கெஞ்சி, அலைந்து, மேல்முறையீட்டுக்கு ஒரு வக்கீலம்மாவைப் பிடித்தாள். வக்கீலம்மா நல்லவர். வழக்குக் கட்டைப் படித்துவிட்டு மூடி மறைக்காமல் பேசினார். செய்யவில்லை என்று வாதாடினால் எடுபடாது, தண்டனை அதிகம் என்று மட்டும் கேட்போம், அதற்கு அவன் நீதிபதி முன்னால் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்றார்.

"செய்யாததுக்கு எப்படிம்மா வருத்தப்படுவான்?"

"செஞ்சானா இல்லையாங்கறது இனிமே யாருக்கும் வேண்டாம்மா. எத்தனை வருஷம்ங்கறதுதான் பேச்சு."

சிறைக்குப் போய் அவள் இதைச் சொன்னதும், கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்ற தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அவளும் விடவில்லை. தனக்கு வயதாகிறது, அவனை விட்டால் யார் இருக்கிறார்கள் என்று புலம்பினாள். அந்த வேகத்தில், "ஒரு பொய்தானேடா, உனக்கென்ன புதுசா?" என்று வாயில் வந்துவிட்டது.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"திருடியிருக்கேன். பிடிச்சா ஆமான்னு ஒத்துக்கிட்டிருக்கேன். பொய் சொன்னதில்லக்கா."

ஆனாலும் அக்கா முகத்துக்காகத் தலையாட்டினான்.

தப்புப் பண்ணிவிட்டேன், இனிமேல் பண்ண மாட்டேன் என்று மேல் கோர்ட்டில் தரையைப் பார்த்தபடி ஒப்பித்தான். இவனிடம் முதன்முறையாகத் திருந்தும் அறிகுறி தெரிகிறது என்று சொல்லி, நீதிபதி ஏழு வருடத்தை ஐந்தாகக் குறைத்தார். வக்கீலம்மா சந்தோஷத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

போலீஸ் வண்டியில் அவனை ஏற்றும் இடத்துக்கு அவள் ஓடினாள்.

"திருப்தியாக்கா?" என்றான். குரலில் குத்தல்கூட இல்லை. அதுதான் அவளைத் தைத்தது.

அடுத்த மாதம் பார்க்கப் போனாள். உள்ளே போன காவலர் திரும்பி வந்து, அவன் வர மாட்டேன் என்கிறான் என்றார். அதற்கு அடுத்த மாதமும் அதே பதில்.

சலவைக்கூடத்தில் ஈரப் போர்வைகளை உதறிக்கொண்டிருந்தபோது, ரெண்டு வருஷம் குறைத்து வாங்கிவிட்டாயே, கெட்டிக்காரிதான் நீ என்றாள் கூட வேலை பார்ப்பவள். ஆமாம் என்றாள் அக்கா. மறுமுனையைப் பிடிக்கச் சொல்லி அடுத்த போர்வையை நீட்டினாள்.