கார்த்திகைக்குள் வாங்கியிருக்கலாம்

ஹம்ஸாவுக்குத் துவாக்குடியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. ஸ்ரீரங்கத்திலிருந்து போக ஒன்றேகால் மணி நேரம், வர அதே அளவு. பஸ்ஸில் உட்கார்ந்து ஃபோனில் மஞ்சள் கார் ஓட்டுவாள். நாற்பத்தாறு வயதில் கேம் ஆடக் கன்சோல் வேண்டும் என்றாள்.

நான் பள்ளியில் சரித்திரம் நடத்துகிறவன். கம்ப்யூட்டர் வாங்கலாம் என்றேன்.

"கன்சோல்னா ஹால் டிவியில மாட்டிண்டு ரெண்டு பேரும் சேர்ந்து ஆடலாம். கம்ப்யூட்டர்னா நான் ரூமுக்குள்ள, நீங்க ஹால்ல."

"கம்ப்யூட்டர்ல கொஸ்டின் பேப்பர் அடிக்கலாம். கேமும் ஆடலாம். கன்சோல்ல வேற என்ன பண்ண முடியும்?"

"தோசைக்கல்லுல சாதம் வடிக்க முடியலைன்னு தூக்கியா போடறேள்?"

கார்த்திகைக் கடைசி சனிக்கிழமை மெயின்கார்டுகேட்டில் ஹாலித்தின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். இரண்டு பக்கத்தையும் பொறுமையாகக் கேட்டான்.

"அக்கா சொல்றது சரி சார். சார் சொல்றதும் தப்பில்ல அக்கா."

"நீங்க ஜட்ஜா போனா ஒரு கேஸும் முடியாது ஹாலித்," என்றாள்.

நான் கிராஃபிக்ஸ் கார்டுகளைப் பற்றிக் கேள்வி மேல் கேள்வி கேட்டேன். இன்னும் இரண்டு இடத்தில் விசாரிக்கலாம் என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

"செவ்வாய்க்கிழமை மார்கழி பொறந்துடும்," என்றாள் ஹம்ஸா. மார்கழியில் எங்கள் வீட்டில் புதுப் பொருள் வாங்குவதில்லை.

"அப்போ தையில பார்த்துக்கலாம்."

"இதுக்குத்தான் இழுத்தேளா?"

நான் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தேன். அதற்குத்தான் இழுத்தேன். தைக்குள் மறந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

மார்கழி ஏழாம் தேதி பஸ்ஸிலேயே மயங்கிச் சாய்ந்தாள். ஆஸ்பத்திரியில் இறக்கும்போது உயிர் இல்லை. கோவில் பகல் பத்துத் திருவிழாக் கூட்டத்தில் வண்டியை எங்கள் வீதிக்குள் விடவில்லை. முனையிலிருந்து தூக்கிக்கொண்டு நடந்தோம். வழிவிடுங்க, வழிவிடுங்க என்று யாரோ சொல்லிக்கொண்டே முன்னால் போனார். அந்தக் குரல் மட்டும் நினைவிருக்கிறது.

ஒரு வருஷம் வீட்டில் பண்டிகை இல்லை, புதிதாக எதுவும் வாங்கவில்லை. திதி கணக்கில் முன்னால் வந்ததால் கார்த்திகைக் கடைசியிலேயே வருஷாப்திகம் முடிந்தது. மார்கழிக்கு நாலு நாள் இருந்தது. ஹாலித்தின் கடைக்குப் போனேன்.

"வாங்க சார். அக்கா வரலையா?"

"போயிட்டா. போன மார்கழியில."

அவன் கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டான். டீ சொல்லட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

"இப்ப என்ன பார்க்கறீங்க சார்?"

"அன்னிக்குப் பார்த்ததுதான்."

"தனியா ஆடறதுன்னா கம்ப்யூட்டரே எடுத்துக்குங்க சார். உங்க ஸ்கூல் வேலைக்கும் ஆகும்."

அவன் சொன்னது சரி. அன்று நான் சொன்ன காரணங்கள் எல்லாமே இப்போது சரியாக இருந்தன.

"கன்சோல் குடுங்க," என்றேன்.

"கூட ஒரு கண்ட்ரோலர்தான் வரும் சார்."

"இன்னொண்ணும் வேணும்."

அவன் எடுத்து வைத்தான்.

மறுநாள் ஞாயிறு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு டிவியில் மாட்டினேன். கார் ரேஸ் போட்டதும் எத்தனை பேர் என்று கேட்டது. இரண்டு என்று கொடுத்தேன். இரண்டாவது கண்ட்ரோலரைச் சோபாவில் அவள் உட்காரும் பக்கம் வைத்திருந்தேன். அதில் பட்டனை அழுத்தினால்தான் ஆட்டம் தொடங்குமாம். அவளுக்காக நானே அழுத்தி, மஞ்சள் காரைத் தேர்ந்தெடுத்தேன். எனக்குச் சிவப்பு.

திரை இரண்டாகப் பிரிந்தது. மேல் பாதி என்னுடையது, கீழ்ப் பாதி அவளுடையது. நான் சுவரில் மோதி, திரும்பி, மறுபடி மோதி ஒரு சுற்று வந்தேன். மஞ்சள் கார் புறப்படும் கோட்டிலேயே நின்றது. அதைத் தாண்டும்போது கீழ்ப் பாதியைப் பார்த்தேன். பின்னாலிருந்து ஒரு சிவப்புக் கார் வந்து அவளைக் கடந்தது. சிறியதாகி, வளைவில் திரும்பி மறைந்தது. அப்புறம் அவள் முன்னால் வெறும் ரோடு.

மூன்று சுற்று ஆட்டம் அது. இன்னும் இரண்டு இருந்தது.